ஆய்வுக்கூடத்துப் பூச்சிமருந்து

கரப்பான்பூச்சியைக் கண்டு நான் முகம் சுளித்ததே இல்லை சார். படிப்பும் பிழைப்பும் அதுதான்.

அதன் காலில் ஒரு நரம்பு அடுத்ததற்குச் சேதி சொல்ல ஒரு ரசாயனத்தைக் கக்கும். சொல்லி முடித்ததும் அதைத் துடைத்தெடுக்க ஒரு நொதி உண்டு. எங்கள் மருந்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். சேதி ஓயாது. கால்கள் உதறி உதறி, கடைசியில் மூச்சும் நிற்கும். அதே நொதி உங்களுக்கும் எனக்கும் இருக்கிறது. ஆனால் இந்த மருந்து மனித நொதியைத் தொடாது என்று நிறுவனத்துக்குக் கையெழுத்துப் போட்டவள் நான். எலிகள் தாங்கின. மனிதர்கள் தாங்குவார்களா என்று யாரைக் கேட்பது?

அப்போது என் தம்பி வேலையில்லாமல் இருந்தான். தானியக் கிடங்குகளில் மருந்தடிக்கும் வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நல்ல எண்ணத்தில்தான்.

முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது என்றான். "கழட்டிடு, ஒண்ணும் ஆகாது" என்றேன்.

ஒரு மாலை சாப்பிட உட்கார்ந்தவனுக்கு எச்சில் வழிந்தது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நஞ்சை முறிக்கும் ஊசி என் பையில் இருந்தது, போட்டேன், தேறிவிட்டான்.

"அண்ணி கை ராசியான கை" என்று அவன் மனைவி கண் கலங்கினாள்.

அவனுக்கு விளையாட்டுப் புத்தி. "ஏன்க்கா, நான் கரப்பான் ஆயிட்டேனா? மல்லாக்கப் போட்டா எந்திரிக்க மாட்டேனா?" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அன்றே நான் மருந்தை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நிறுத்தியிருந்தால் ஒரு தடவை தற்செயலாக நடந்தது என்றுதான் ஆகியிருக்கும். கரப்பானின் உடம்பு நாளடைவில் புது நொதியைச் சுரந்துகொள்ளும். மனித உடம்பும் அதே வேகத்தில் தேறுமா? கொஞ்ச நாள் வீட்டில் படுக்க வைத்தேன். நல்ல சாப்பாடு போட்டேன். பிறகு மறுபடி அனுப்பினேன். மறுபடி விழுந்தான், மறுபடி ஊசி.

"வேற வேலை பாக்கட்டுமாக்கா? உடம்பு ஒத்துக்கலை."

"நிரந்தரம் பண்ணப் போற நேரத்துல விட்டுட்டு வருவியா?"

சரி என்று தலையாட்டினான். சின்ன வயதிலிருந்தே என் பேச்சைத் தட்டமாட்டான். அந்தத் தலையாட்டல்தான் என்னைத் தூங்க விடுவதில்லை. எதிரில் யார் உட்கார்ந்தாலும் கண்மணியைத்தான் முதலில் பார்க்கிறேன். உங்களுடையதையும் பார்த்துவிட்டேன், மன்னியுங்கள்.

கடைசி நாளன்று கிடங்கு மேற்பார்வையாளர் போன் செய்தார். போனேன். காவலாளி அறையில், பெஞ்சில் கிடந்தான். தோளும் தொடையும் தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருந்தன.

"ஆம்புலன்ஸ் கூப்பிடவா மேடம்?"

"வேண்டாம், நான் பாத்துக்கறேன். நீங்க வெளிய இருங்க."

அவர் என்னை நம்பினார். கதவைச் சாத்திக்கொண்டேன்.

முந்தைய தடவைகளில் நான் அவசரப்பட்டு ஊசி போட்டிருந்தேன். அதனால் அந்த முடிவுகள் எதற்கும் உதவவில்லை. ஊசியில்லாமல் அவன் உடம்பு தானே மீளுமா என்பது இன்னும் தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தான், நாக்கு புரளவில்லை. என் பையைப் பார்த்தான். ஊசி எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். நான் அவன் கையில் நாடியைப் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி பையைப் பார்த்தான். பிறகு என் முகத்தை.

மீளவில்லை சார். ஊசி மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. அவனைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் அவன் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். கடைசி வரைக்கும் அவன் கையை நான் விடவேயில்லை. கேட்டால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.