என்ரை பேரிலை ஒரு சைக்கிள்

ஹலோ... ஹலோ, விமலநாதன் அண்ணையோ? நான் புஸ்பவதி... ஓம், ஓம், சுகம்தான்... இல்லை அண்ணை, என்ன சுகம்! காப்புறுதிக் கொம்பனி கடிதம் போட்டிருக்கு. வீட்டுச் சாமானுக்கு நீங்கள் எடுத்துத் தந்தது... ஓம், அதுதான். வாற மாசத்தோடை நிப்பாட்டுகினமாம்.

...சீச்சீ, காசு ஒரு மாசமும் பிந்தேல்லை.

...டொறத்தி வாசிச்சவ. மேல்வீட்டிலை இருக்கிற தமிழ்நாட்டுப் பிள்ளை, ஆஸ்பத்திரியிலை நேர்ஸ்... உங்களிட்டை ஏன் கொண்டு வரேல்லையோ? ரண்டு கிழமையா எத்தினை தரம் போன் அடிச்சனான்! வீட்டிலை குணேஸ்வரி அக்காதான் எடுத்தவ. நீங்கள் வேலையெண்டு சொன்னவ.

...ஓம், ஓம், தெரியும். நட்டஈடு குடுத்த கையோடை அவையும் நிப்பாட்டலாம், நாங்களும் நிப்பாட்டலாம். சட்டம் அப்பிடியாம். டொறத்தி விளங்கப்படுத்தினவ... வேறை கொம்பனியோ? ஆர் எடுப்பினம்? முந்தின கொம்பனி உங்களை நிப்பாட்டினதோ எண்டு விண்ணப்பப் போமிலை கேக்கிறாங்களாம். ஓமெண்டு எழுதினால் அவ்வளவுதான்.

...பெரிய விசயமில்லையோ? அண்ணை, வீட்டுச் சொந்தக்காரன் அந்தக் காப்புறுதிக் கடதாசியைப் பாத்துத்தானே வீட்டுத் திறப்புத் தந்தவன். அது இல்லாட்டி எழுப்பிப் போடுவான். இந்த நாட்டுக்கு வந்து மூண்டு வருசம் அகதிக் காம்பிலை, ஒரு அறையிலை ஆறு பேரோடை கிடந்தனான். உங்களுக்குத் தெரியாதே?

...பொறுங்கோ. நான் கதைச்சு முடிக்கிறன். ஒரு வருசத்திலை ரண்டு தரம் நட்டஈடு கேட்டனானாம், அதுதான் காரணமாம். மாசியிலை தண்ணிக் குழாய் வெடிச்சுக் கட்டிலும் தையல் மெசினும் நனைஞ்சது ஒண்டு. அது நீங்கள் எழுதித் தந்தது. மற்றது என்னெண்டு தெரியுமோ? ஐப்பசியிலை கீழ்ச் சாமான் அறையிலை என்ரை சைக்கிள் களவு போச்சுதாம்.

எனக்குச் சைக்கிள் ஓடவே தெரியாது அண்ணை.

...என்ன, கொம்பனி ஆளை மாத்திப் போட்டுதெண்டோ?

...ஆள் மாறேல்லை. டொறத்தி கொம்பனிக்குப் போன் எடுத்துக் கேட்டவ. என்ரை பேர், என்ரை கையெழுத்து, காசு போன வங்கிக் கணக்கு மட்டும் உங்கடையாம். தண்ணிக் குழாய்க்கு ரண்டு வெறும் போமிலை கையெழுத்து வாங்கினனீங்களெல்லே? ஒண்டு பிழைச்சால் மற்றது எண்டு சொன்னனீங்கள். நான் வாசிச்சே போட்டனான்? நீங்கள் காட்டின இடத்திலை போட்டனான்.

...பொலிசுக்கும் போனனீங்களோ? எனக்கு இஞ்சத்தை டொச் பாசை தெரியாது, எனக்காகக் கதைக்கிறன் எண்டோ? ஐயோ அண்ணை! என்ரை அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. பொலிசிலை பொய் சொன்னவள் எண்டு ஒரு வரி எழுதினால் என்னைத் திருப்பி அனுப்பமாட்டாங்களோ?

...காலமை அஞ்சு மணி வேலை, பஸ் இல்லை, ஓம்... மழையிலை நடந்தனீங்கள், ஓம், ஓம்... அதுக்கு நீங்கள் சைக்கிள் வாங்க என்ரை பேரோ கிடைச்சது? கேட்டிருந்தால் நான் சீட்டுப் பிடிச்செண்டாலும் தந்திருப்பன். இப்பிடிப் பேய்க்காட்டிப் போட்டியளே!

...சத்தம் போடாமல் இருக்கவோ? நானோ? கையெழுத்து என்ரையெண்டபடியால் நான்தான் பிடிபடுவனோ? வெருட்டிறியளோ அண்ணை?

...ஆர்? ...அக்காவோ... ஓம் குணேஸ்வரி அக்கா, புஸ்பவதிதான்... இல்லை, சண்டையில்லை... பிள்ளையள் சுகமோ? ...ஓம்... ஏன் அவருக்கு முகம் வேர்த்திருக்கெண்டோ...

அக்கா, நான் காம்பிலை இருக்கேக்கை ஞாயிற்றுக்கிழமையிலை நீங்கள் சோறு கொண்டந்து தந்தனீங்கள். அதை நினைச்சுத்தான் உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டு நினைச்சனான். ஆனா மறைக்க ஏலாது. அவர் ஓடித்திரியிற சைக்கிள், என்ரை சைக்கிள் களவு போச்செண்டு பொய் சொல்லி எடுத்த காசிலை வாங்கினது. அதாலை என்ரை காப்புறுதி போச்சு. வீடும் போகப் போகுது.

...ஓம். ...ஓம் அக்கா, அவரையே கேளுங்கோ.

...அழாதேங்கோ. இது வெளியாலை வந்தால் அவர் வேலை போகுமெண்டு எனக்கும் தெரியும்... இல்லை, மன்னிக்கிறதோ இல்லையோ பிறகு பாப்பம். நாளைக்கு ஒன்பது மணிக்குக் கொம்பனிக் கந்தோருக்குப் போறன், டொறத்தியும் வாறா. உள்ளதைச் சொன்னால், காப்புறுதியை நிப்பாட்டாமல் விடுங்கோ எண்டு கேட்டுப் பாக்கலாமாம். கேப்பினமோ தெரியாது.

...அவரையும் வரச் சொல்லுங்கோ. வந்தால் தன்ரை வாயாலை சொல்லட்டும். வராட்டி, தெரிஞ்ச அரைகுறை டொச்சிலை நான் சொல்லுறன். இவ்வளவு நாளும் எனக்காக அவர் கதைச்சது போதும்.

வைக்கிறன் அக்கா.