இருதயத்தைப் பற்றிக் கேட்காத இன்டர்வியூ

எண்பதுகளில் ஒரு சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் கிள்ளான் ஊருக்குப் போகும் பஸ் ஏறினேன். முன்சீட்டில் ஓர் இளம் டாக்டரும் நர்ஸ் உடுப்பில் அவருடைய அக்காவும் இருந்தார்கள். இருவருக்கும் ஒரே அரசாங்க ஆஸ்பத்திரி என்பது பேச்சிலேயே தெரிந்தது. டாக்டரின் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"பிள்ளைங்க ஹார்ட் ஸ்பெஷலிஸ்ட் ட்ரெய்னிங்க்கு இன்டர்வியூ அக்கா அது! ஹார்ட்டப் பத்தி ஒரு கேள்வி கேக்கல. எப்போ கல்யாணம்னுதான் கேட்டாங்க."

"நீ என்னா சொன்ன?"

"இப்ப இல்லன்னேன். 'நாளைக்குப் புருஷன் பின்னால போயிடுவ, எடம் வேஸ்ட் லா'ன்னு பெரிய டாக்டர் சிரிக்கிறாரு."

"எடம் யாருக்குக் கெடச்சிச்சு?"

"என்கூட வேலை செய்யிறவனுக்கு. அவனுக்குப் போன மாசம்தான் கல்யாணம். அவன யாரும் அதக் கேக்கலையே!"

"மெதுவா பேசு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்! காலைல வார்டுல ஒரு பச்சப்பிள்ளைக்கு ஒடம்பே நீலமாயிடுச்சி. நெஞ்சுல என்னா சத்தம்னு அவனுக்குப் புடிபடல. யாரக் கூப்பிட்டான் தெரியுமா? என்னைய!"

"நீ போயிருக்கக் கூடாது. முழிக்கட்டும்னு விட்டிருக்கணும்."

"பிள்ளை நீலமா கெடக்குதுக்கா!"

டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். டாக்டர் மூச்சு வாங்கினார்.

"போனேன். கேட்டுப் பாத்து, இன்னதுன்னு சொன்னேன். மருந்து ஏத்தினதும் நெறம் திரும்பிடுச்சி. அடுத்த வருஷமும் அந்த ரூம்ல போய் உக்காருவேன். கல்யாணப் பேச்சு எடுத்தாங்கன்னா, இந்தப் பிள்ளைக்கு என்னா வியாதி, சொல்லுங்கன்னு நான் அவங்களக் கேப்பேன்."

அக்கா தங்கை பக்கம் திரும்பினார்.

"கேளு," என்றார்.