ரெண்டு மூஞ்சிப் பொட்டி தந்த ரேணுகாதேவி அம்மையாருக்கு

பட்டால் பெயர்பெற்ற ஆரணியில் நெல்லுக்கு நியாயம் தேடிய நெஞ்சுரம் மிக்கவரே! ஆலைக்காரரின் அதட்டலையும் உழவரின் உறுமலையும் ஒரே புன்னகையால் எதிர்கொண்ட எங்கள் தலைவியே! செந்நெல் கருவியகத்தைத் தொடங்கி, வளர்த்து, ஒருமுறை மூடும் நிலைக்கே கொண்டுபோய், மீண்டும் தூக்கி நிறுத்தி, இன்று ஓய்வு பெறும் அம்மையாரே! வணக்கம்.

சென்னையில் மென்பொருள் வேலையை விட்டு நீங்கள் ஊர் திரும்பியபோது, இங்கே கணினி கற்றவர்களெல்லாம் சேலைக்கு வடிவம் வரைந்துகொண்டிருந்தார்கள். நீங்களோ அரிசி ஆலைகளின் வாசலில் போய் நின்றீர்கள். அங்கே, உழவர் கொண்டுவந்த நெல்லை ஆலைக்காரர் பல்லில் கடித்துப் பார்த்து "ஈரம்" என்பார். "நல்லா காஞ்சதுங்க" என்பார் உழவர். கடித்தவர் சொல்லே கடைசிச் சொல். அந்தச் சண்டைக்கு முடிவுகட்ட நீங்கள் ஒரு பெட்டி செய்தீர்கள். தட்டில் நெல்லைக் கொட்டினால், அதன் ஈரப்பதம் சிவப்பு எண்ணாய் ஒளிரும். ஒளிரும் முகங்கள் இரண்டு: ஒன்று ஆலைக்காரரைப் பார்க்கும், மற்றொன்று உழவரைப் பார்க்கும்.

"வாங்கறது நானு. எனக்குத் தெரிஞ்சா போதாதா? அந்தப் பக்கம் இன்னாத்துக்கும்மா வெளிச்சம்?" என்று கேட்டார் ஆலை அதிபர் ஜெகநாதன்.

"அந்தப் பக்கம் இல்லன்னா இந்தப் பக்கமும் இல்லீங்க" என்றீர்கள். முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்.

பெட்டிக்கு "ரெண்டு மூஞ்சிப் பொட்டி" என்று பெயர் வைத்த ஊர், விரைவிலேயே அந்தப் பெயரை உங்களுக்கும் சூட்டியது. உழவர்களைத் தூண்டிவிடுகிறார் என்று ஆலைக்காரர்கள் ஏசினார்கள். ஆலைக்காரர்களின் ஆள் என்று உழவர்கள் ஏசினார்கள். பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் ஒரே மேசையில் இரண்டு ஏச்சுகளும் ஒலித்ததை நாங்களே கேட்டிருக்கிறோம். நீங்களும் கேட்டீர்கள், கேட்டுக்கொண்டே இரண்டாவது தேநீரும் வாங்கிக் குடித்தீர்கள்.

பிறகு வந்தது அந்தத் தை மாதம். சம்பா அறுவடை முடிந்து வண்டி வண்டியாய் நெல் ஆலைகளுக்கு வந்துகொண்டிருந்த காலம். ஒரு விடியற்காலையில் வெம்பாக்கத்து உழவர் சின்னக்கண்ணு, ஜெகநாதனின் ஆலை திருப்பி அனுப்பிய நெல்லை டிராக்டரோடு கொண்டுவந்து நம் வாயிலில் நிறுத்தினார். "மூணு நாளு காயவச்ச நெல்லும்மா! உன் பொட்டி பொய் சொல்லுது! மில்லுக்காரங்கிட்ட துட்டு வாங்கினு பேசுது!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். கதவைச் சாத்தப் போன எங்களைத் தடுத்தீர்கள். "உள்ள வாங்கண்ணா. உங்க கண்ணு முன்னாலயே பாத்துடலாம்" என்று சொல்லிப் பெட்டியைப் பனி விழும் முற்றத்தில் வைத்து இயக்கினீர்கள். தட்டில் ஒரு நெல்மணிகூட இல்லை. ஆனால் இரு முகங்களிலும் சிவப்பு எண் ஏறிக்கொண்டே போயிற்று! தட்டில் படிந்த பனியையெல்லாம் நெல்லின் ஈரமென்று கணக்கிட்டுக்கொண்டிருந்தது நாம் பெருமையோடு விற்ற பெட்டி.

உங்கள் தொழில் கூட்டாளியாய் இருந்த இளஞ்செழியன் அன்று சொன்ன யோசனை முட்டாள்தனமானதன்று. "அறுவடை முடியட்டும் மேடம். அப்புறம் சத்தம் போடாம சரி பண்ணிக்கலாம்" என்றார்.

"அதுக்குள்ள எத்தன லோடு திரும்பிப் போவும்?" என்று மட்டும் கேட்டீர்கள்.

அன்று காலையே சின்னக்கண்ணுவின் டிராக்டரில் ஏறி ஜெகநாதனின் ஆலைக்குப் போனீர்கள். தவறு பெட்டியுடையது, நெல்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீங்கள் சொன்னதும், "தப்புன்னு நீயே சொல்ற. அப்ப உன் மெஷினு எனக்கு இன்னாத்துக்கு?" என்று அவர் பெட்டியைக் கழற்றி உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டார். நெல்லை மட்டும் எடுத்துக்கொண்டார். மறுநாள், துணிக்கடைத் தள்ளுபடியைக் கூவித் திரியும் ஒலிபெருக்கி ஆட்டோவில் உங்கள் குரல் ஊரெங்கும் கேட்டது: "எங்க பொட்டி பனியில தப்பு காட்டுது. சரி பண்ற வரைக்கும் யாரும் அத நம்பாதீங்க!" தன் சரக்கை வாங்க வேண்டாமென்று தானே விளம்பரம் செய்த முதலாளியை ஆரணி அன்றுதான் கண்டது. சிலர் கைதட்டினார்கள், பலர் சிரித்தார்கள்.

வந்த விளைவு சிரிப்புக்கு உரியதாக இல்லை. பெட்டிகள் திரும்பி வந்து அலுவலகத்தை அடைத்தன. இளஞ்செழியன் விலகினார், எங்களுள் பாதிப்பேர் வேறு வேலை தேடிப் போனோம். நீங்கள் அசையவில்லை. தட்டைச் சூடாக வைத்துப் பனியை விரட்டும் சிறு அமைப்பைச் செய்தீர்கள். எஞ்சியிருந்தவர்களோடு இருசக்கர வண்டியில் ஆலை ஆலையாய்ச் சென்று உங்கள் கையாலேயே பொருத்தினீர்கள். அடுத்த அறுவடையில், சரக்கை இறக்குமுன்னே உழவர்கள் கேட்கத் தொடங்கினார்கள்: "ரெண்டு மூஞ்சிப் பொட்டி வச்சிருக்கீங்களா?" இல்லையென்றால் வண்டி அடுத்த ஆலைக்கு நகர்ந்தது. போனவர்களில் பலர் திரும்பி வந்தோம்.

ஜெகநாதன் இன்றுவரை நம் பெட்டியை மறுபடி வாங்கவில்லை. அவர் ஆலையில் வேறு நிறுவனத்துக் கருவிதான் இருக்கிறது. ஆனால் அம்மையாரே, அதற்கும் இரண்டு முகங்கள்! நீங்கள் நிறுவனத்தைக் கவிழ்க்கப் பார்த்தீர்கள் என்று இளஞ்செழியன் இன்றும் சொல்கிறார். இந்த விடைபெறு விழாவின் அழைப்பிதழ் கிடைத்ததும் முதல் ஆளாய் வந்து முன்வரிசையிலும் அமர்ந்திருக்கிறார்.

இம்மடலை நேற்று உங்களிடம் காட்டியபோது, "குறையொன்றும் இல்லாதவரே" என்ற விளியைப் பேனாவால் அடித்தீர்கள். "அத எடுத்துடுங்க. நடந்தத மட்டும் படிங்க, போதும்" என்றீர்கள். எடுத்துவிட்டோம். நடந்ததை மட்டும் படித்தோம். அரங்கில் இன்னும் கைதட்டல் நிற்கவில்லை.

காலை எட்டுமணி வரை தூங்குங்கள். ஆசைப்பட்டபடி நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். நோயறியா உடலோடும் ஓயாத சிரிப்போடும் நூறாண்டு கடந்து வாழுங்கள்!

ஆரணி.

உங்களோடு ஏச்சும் பேச்சும் வாங்கி வளர்ந்த
செந்நெல் கருவியகப் பணியாளர்கள்