ஆளுக்குப் பாதி

ட்வைலாவுக்கு ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பண்டம் என்றால் உயிர். சர்ச்சில் யார் கொண்டுவந்தாலும் முதல் துண்டு அவளுக்குத்தான். தங்கச்சிதானே என்று நானும் விட்டுவிடுவேன். எங்கள் இரண்டு பேருக்குமே சின்ன வயதிலிருந்து சர்க்கரை வியாதி, சார். இன்சுலின் ஊசி இல்லாவிட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காத வகை.

அவள் ஸ்கூல் பஸ் ஓட்டினாள், மருந்துச் செலவை வேலையில் கொடுத்த இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது. நான் வேலை பார்த்த கார்ப்பெட் கடையை மூடிவிட்டார்கள்; என் இன்சூரன்ஸும் அதோடு போயிற்று. கைக்காசில் வாங்கினால் இன்சுலின் ஒரு பாட்டில் முந்நூறு டாலர். எனக்காக சர்ச்சில் ஸ்பகெட்டி விருந்து வைத்து வசூல் செய்தார்கள். ட்வைலாதான் ஏப்ரன் கட்டிக்கொண்டு ஓடி ஓடிப் பரிமாறினாள். வந்த பணம் இரண்டு பாட்டிலுக்குச் சரியாகப் போயிற்று. மறுபடியும் எந்த முகத்தோடு கேட்பது?

தங்கச்சியிடம் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டால் கொடுத்திருப்பாள். அப்புறம் ஆயுசுக்கும் அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அது ஒத்துவராது.

ஒரே வீடு, ஒரே பிரிட்ஜ். அவள் இன்சுலின் பாட்டிலில் பாதியை எடுத்துக்கொண்டு தண்ணீர் நிரப்பி வைத்தேன். பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அவளுக்குச் சர்க்கரை ஏறியது. ஆள் இளைத்துப்போனாள்.

"நீ திங்கற தீனிக்கு ஏறாம என்னடி செய்யும்?" என்றேன்.

"சத்தியமா இனிப்பையே தொடலைக்கா. உருளைக்கிழங்கைக்கூட விட்டுட்டேன்," என்று அழுதாள். பாவமாக இருந்தது. தலையைக் கோதிவிட்டேன்.

டாக்டர் அளவைக் கூட்டி எழுதினார். மாதம் ஒரு பாட்டில் கூடுதலாக வந்தது. எனக்கும் தாராளமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

போன சனிக்கிழமை காலையில் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டாள். மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"ஐயோ, வேணாங்க்கா. ஆயிரக்கணக்குல வருமே, இன்சூரன்ஸ் போக மீதி பில்லை யாரு கட்டறது? நேத்துப் புது பாட்டில் வந்துச்சில்ல, அதுல ஒண்ணு போட்டுவிடு."

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். போட்டேன். மூன்று தடவை போட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் உயிர் அடங்கிவிட்டது.

அந்தப் புது பாட்டிலிலும் பாதி தண்ணீர் என்று போலீஸ் லேபில் சொன்னார்கள் என்கிறீர்கள். உண்மைதான். பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் என் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் அவளுக்குப் போட்டேன். மற்றபடி, அவள் பங்கில் நான் ஒரு சொட்டுக்கூடக் கைவைத்ததில்லை, சார்.