ஸ்டோரில் காய்ந்த கடல் கல்

போடிநாயக்கனூரில் கடல் லிட்டர் பதினான்கு ரூபாய். மீன் தொட்டிக்குக் கலக்குகிற உப்பு வாளி, கொரியர், வடிகட்டிய தண்ணீர் எல்லாம் சேர்த்து நான் போட்ட கணக்கு. கடவுள் சும்மா கொடுத்ததைக் காசு கொடுத்து வாங்குகிறவன் என்று என் பெரியப்பா மகன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அவரே பாட்டில் தண்ணீர் குடிக்கிறவர் என்பதால் நான் பதில் சொல்வதில்லை.

அருண்பாண்டி தம்பி நம் குழுவில் ஒரு கேள்வி போட்டிருக்கிறார். கடல் தொட்டி வைத்திருக்கிற நமக்கு இன்னும் என்னென்ன வசதி வந்தால் நன்றாயிருக்கும் என்று. நீங்களும் ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள். சத்தம் போடாத மோட்டார், கரண்டு போனால் விடியும்வரை தாங்கும் பேட்டரி, தண்ணீர் சூடானால் போனில் கூப்பிடுகிற கருவி. எல்லாம் நியாயமான ஆசைகள். மோட்டார் சத்தத்தால் மனைவி தாய் வீட்டுக்குப் போய்விட்டார் என்று எழுதிய கோயம்புத்தூர் நண்பர், மோட்டாரை மாற்ற ஏன் அவசரப்படுகிறார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

என் ஆசை சின்னது. தொட்டியில் அடுக்குகிற பவளக் கல் வருகிற பெட்டியில் தமிழில் ஓர் எச்சரிக்கைச் சீட்டு ஒட்ட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துப் படியுங்கள்.

எங்களுக்கு ஏலக்காய் வியாபாரம். எங்கள் வீட்டில் பிள்ளை அம்மா என்று சொல்லுமுன் "இந்த விலை கட்டாது" என்று சொல்லும். ஏலம் இப்போது கம்ப்யூட்டர் பொத்தானில் நடக்கிறது. ஆனாலும் மனதில் ஓடுவது முகத்துக்கு வராமல் பார்த்துக்கொள்கிற பழக்கம் விட்டுப்போகவில்லை. போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைப் பக்கம் சின்னதாக ஒரு தோட்டமும், காய் உலர்த்துகிற ஸ்டோரும் உண்டு. தொட்டி போடி வீட்டில், ஹாலில் இருக்கிறது. ஆறடி. தேவாரம் ஊரிலிருந்து வந்த சம்பந்தி வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, "இதுல எது மாப்ளே கொழம்புக்கு ஆகும்?" என்றார். ஒரு மீனைக் காட்டி அதன் விலையைச் சொன்னேன். "அப்ப ரசமே போதும்" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார்.

அந்தத் தொட்டிக்கு ஒரு நோய் வந்தது. வாங்கிய கல்லில் ஒட்டிக்கொண்டு பழுப்பாக, சட்டைப் பொத்தான் போல ஓர் உயிர் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, விட்டுவிட்டேன். அடுத்த வருடம் சட்டை முழுக்கப் பொத்தான். நல்ல பவளங்களை ஒவ்வொன்றாக மூடிக் கொன்றது. என்ன செய்வதென்று உங்களிடம்தான் கேட்டேன். அருண்பாண்டி எழுதி அனுப்பாமல் போனிலேயே கூப்பிட்டார்.

"அண்ணே, கல்லைத் தூக்கி எறிஞ்சிருங்க. சொரண்டாதீங்க, காய்ச்சாதீங்க, சூடு காட்டாதீங்க. இந்த ஜாதியில சிலதுக்குள்ள வெசம் இருக்கு. ஆவியாக் கெளம்புனா நெஞ்சுல எறங்கிரும். எதுல இருக்கு, எதுல இல்லேன்னு பாத்துச் சொல்ல முடியாது."

சரி தம்பி என்றேன். கல்லை மட்டும் எறிய மனம் வரவில்லை. அந்த மாதிரிக் கல் இனி வாங்கக் கிடைக்காது. அது உங்களுக்கே தெரியும்.

எங்கள் மலையில் ஒரு பழக்கம். ஐப்பசி மழையில் ஈரமான எதுவும் ஸ்டோருக்குத்தான் போகும். பள்ளிக்கூடச் சீருடை, நனைந்த மிளகாய், ஜீப்பு சீட்டு, கல்யாணத்துக்குத் துவைத்த ஜமுக்காளம், எல்லாம் அங்கேதான் காயும். அடுப்பு வெளியே எரியும். சூட்டுக் குழாய் அறைக்குள் ஓடும். கதவைச் சாத்திவிட்டால் ஒரு ராத்திரியில் எதுவும் சருகாகிவிடும். பொத்தான்களைச் சுரண்டிப் போட்டுக் கல்லை அங்கே காயவைத்தால் வேர்கூட மிஞ்சாது என்று நினைத்தேன். வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வராது. வேறு எந்த ஊரிலும் இப்படி ஓர் அறை கிடையாது.

அறையில் காய் இல்லாத நாளாகப் பார்த்தேன். கடல் வாடை காயில் ஏறினால் அந்த லோடை எவனும் தொடமாட்டான். மகளும் மனைவியும் தோட்டத்துக்கு வருகிறோம் என்றார்கள். மழை, பாதை சரியில்லை, இன்னொரு நாள் போகலாம் என்று நிறுத்திவிட்டேன். வீட்டில் கல்லைத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது கையுறையும் முகமூடியும் போட்டிருந்தேன். அவற்றை ஒரு பையில் சுற்றி ஜீப்பு சீட்டுக்கு அடியில் வைத்தேன். மேலே போனபின் எடுக்கவில்லை.

ஸ்டோரில் தட்டுக் கழுவுவது, காய் பொறுக்குவது எல்லாம் சந்திரவல்லி. சிலமலைக்காரி. தினமும் காலை ஜீப்பில் மேலே வருவாள். அவள் புருஷன் சோணை எங்கள் தோட்டத்தில் மருந்தடிக்கிறவன். மகள் வித்யா தேனியில் நர்சிங் படிக்கிறாள். கல் வாங்கியபோது வந்த அதே பெட்டியில்தான் கொண்டுபோயிருந்தேன். சந்திரவல்லி அதைத் திறந்து பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்ன மொதலாளி, மீனு போயி இப்பக் கல்லு வளக்குறீகளா?"

கம்பி பிரஷ்ஷால் இந்தப் பொத்தானையெல்லாம் சுரண்டிவிட்டுக் கல்லைத் தட்டில் அடுக்கு என்றேன். வெளியே மழை. உள்ளேயே உட்கார்ந்து செய்யச் சொன்னேன். நாற்றம் தாங்கவில்லை, இதற்குத் தனிக் கூலி வேண்டும் என்று ஒரு தொகை கேட்டாள். அவள் கேட்பதில் பாதியில் தொடங்குவது என் வழக்கம். அன்று கேட்டதையே தருகிறேன் என்றேன்.

சிரித்தாள். "பேரம் பேசாம ஒத்துக்கிட்டீக. எனக்குப் பயமாருக்கே."

கதவை நான்தான் சாத்தினேன். சூடு வீணாகக் கூடாது. பிறகு ஜீப்பில் உட்கார்ந்து சந்தை நிலவரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் இருமிக்கொண்டு வெளியே வந்தாள். திண்டில் உட்கார்ந்து இரண்டு தடவை துப்பினாள். "வாயில காசைச் சப்புன மாதிரி இருக்கு மொதலாளி. உப்புமில்ல, கசப்புமில்ல" என்றாள்.

அருண்பாண்டி பேசியபிறகு நானும் தேடிப் படித்திருந்தேன். முதலில் வாயில் உலோகச் சுவை என்று அதில் இருந்தது. அவள் சொன்னவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. ஜீப்பிலேயே கூட்டிக்கொண்டு இறங்கினேன். அதில் தாமதம் செய்யவில்லை. வளைவுக்கு வளைவு அவளுக்கு மூச்சுத் திணறல் கூடியது. மலையடிவாரத்தில் முந்தலுக்கு வருமுன் குளிரில் நடுங்கத் தொடங்கிவிட்டாள்.

தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். டாக்டரம்மா சின்ன வயது, நல்ல மாதிரி. என்ன வேலை செய்தாள், எதையாவது சுவாசித்தாளா என்று கேட்டார். தோட்டத்தில் நேற்று மருந்தடித்தார்கள் என்றேன். நேற்று மருந்தடித்தது உண்மை. அதில் பொய் இல்லை. பரிசோதனை எதுவும் அதற்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது. திரும்ப வந்து, "வேற எதுவும் இல்லையே? யோசிச்சுச் சொல்லுங்க" என்றார். யோசிப்பதுபோல் கொஞ்சம் நின்றுவிட்டு, வேறு எதுவும் இல்லை என்றேன். என் முகத்தில் அவர் எதையும் பார்த்திருக்க முடியாது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொன்னால் அதிகாரிகள் ஸ்டோரைப் பூட்டுவார்கள். விஷ ஸ்டோர் என்று பெயர் வந்துவிட்டால் அந்தப் பெயர் அடுத்த சீசனுக்கும் நிற்கும். அது ஒன்று. இன்னொன்று, தாழ்வாரத்தில் நின்று போனில் தேடினேன். இந்த விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது என்று இருந்தது. கிடையாதென்றால் சொல்லி என்ன, சொல்லாமல் என்ன. அந்த வரி எனக்குப் பெரிய ஆறுதல். சீக்கிரமே மூச்சுக்கருவி வைத்தால் பலரும் பிழைக்கிறார்கள் என்ற அடுத்த வரியைப் பின்னால்தான் படித்தேன். பின்னால் என்றால், அங்கேயே, அந்த வரியை முடித்த கையோடு.

அவர்கள் பூச்சிமருந்துக்கான வைத்தியத்தைச் செய்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோக முடிவெடுத்தபோது அவளைப் படுக்கையிலிருந்து அசைக்கவே முடியவில்லை. மறுநாள் விடிந்தபின் உயிர் போய்விட்டது. முன்னமே இன்னதென்று தெரிந்திருந்தால் வந்த உடனே மதுரைக்கு அனுப்பியிருப்போம் என்று டாக்டரம்மா தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். நான் தலையாட்டினேன்.

இதுவரை உள்ளதை ஒரு விபத்து என்று நீங்கள் மன்னித்துவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். காரியம் முடிந்த மறுநாள் சோணை வீட்டுக்கு வந்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"மொதலாளி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல."

சொல்லு என்றேன்.

"பூச்சி ஒழியலேன்னு மேக்குப் பக்கம் மருந்துல மூடி ரெண்டு சேத்து ஊத்துனேன். அவ அந்த வழியாத்தான் ஸ்டோருக்குப் போயிருக்கா. நான்தான் மொதலாளி அவளக் கொன்னது."

வியாபாரத்தில் சில சமயம் எதிராளி தானே வந்து நாம் நினைத்த விலைக்கும் கீழே சொல்வான். அப்போது பேசக் கூடாது. நான் பேசவில்லை. அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் தொட்டியின் நீல வெளிச்சம் சுவரில் அசைந்துகொண்டிருந்தது. வாயைத் திறந்திருந்தால் ஒரே மூச்சில் முடிந்திருக்கும். எழுந்து அவன் தோளில் கை வைத்து, "விடு சோணை, தெரிஞ்சா செஞ்சே?" என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நீங்கள்தான் கடைசிவரை அவள் பக்கத்தில் இருந்தீர்கள் என்று சொல்லிச் சொல்லி அழுதான்.

ஆக, அவனை நான் மன்னித்தேன். அதை அவன் மகளிடமும் போய்ச் சொல்லியிருக்கிறான், முதலாளியே மன்னித்துவிட்டார் என்று. மூடிக் கணக்கையும் அப்போதுதான் சொல்லியிருக்கிறான். வித்யா அதிலிருந்து அவனோடு பேசுவதில்லை. லீவுக்கும் சிலமலைக்கு வராமல் ஹாஸ்டலிலேயே இருந்துவிடுகிறாள். ஃபீஸ் கட்டப் போனபோது என்னிடம் ஒன்று சொன்னாள்: "எங்கப்பா முகத்தைப் பாத்தா எனக்கு அந்த மருந்து டப்பாதான் ஞாவகம் வருது சார்." அப்படி நினைக்காதேம்மா, அப்பா பாவம் என்று புத்தி சொன்னேன். சொன்னது மனதாரத்தான்.

சோணை அதன்பின் மருந்து டப்பாவைத் தொடவில்லை. மலைக்கும் வரமாட்டேன் என்றான். சும்மா விட்டால் குடித்தே போய்விடுவான் என்று வீட்டிலேயே வேலை கொடுத்தேன். தொட்டிக்கு உப்புத் தண்ணீர் கலப்பது, கண்ணாடி துடைப்பது, மீனுக்குத் தீனி போடுவது எல்லாம் இப்போது அவன்தான். அந்தக் கற்களை ஒரு மாதம் நல்ல தண்ணீரில் ஊறவைத்து நானே தொட்டியில் திரும்ப அடுக்கினேன். வெள்ளை வெளேரென்று வந்திருந்தன, ஒரு பொத்தான்கூட மிஞ்சவில்லை. அவள் வேலை எப்போதுமே சுத்தம். சில நாள் சோணை கண்ணாடியைத் துடைத்துவிட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே நிற்பான். பார்த்தால் மனசு அடங்குகிறது மொதலாளி என்பான். நான் அப்போது அறைக்குள் போய்விடுவேன். இப்போது எனக்குச் சோறு சரியாக இறங்குவதில்லை. டாக்டர் அல்சர் என்கிறார்.

பெட்டியில் தமிழில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால் இது எதுவும் நடந்திருக்காது. அருண்பாண்டி தமிழில்தானே சொன்னார் என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயம். சந்திரவல்லிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். சீட்டு இருந்திருந்தால் அவள் படித்திருப்பாள். சீட்டு இருந்திருந்தால் பெட்டியை அவள் முன்னால் வைக்குமுன் நான் அதைக் கிழித்திருப்பேன். எழுதும்போதுதான் இது எனக்கே தெரிகிறது.

இதையெல்லாம் உங்களிடம் சொல்வதற்குக் காரணம், உங்களில் யாருக்கும் சோணையைத் தெரியாது. போலீசில் புகார் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம். ஆனால் தொட்டி வசதி பற்றிக் கேட்ட கேள்விக்குப் போடிக்காரன் ஏதோ கதை விடுகிறான் என்று நினைத்து அடுத்த பதிலுக்குப் போய்விடுவீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

கணக்கை முடித்துவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் செலவு தீர்ந்தது. காரியச் செலவு தீர்ந்தது. வித்யாவின் கடைசி வருட ஃபீசுக்கு எடுத்து வைத்தாகிவிட்டது. சோணையின் சம்பளம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. அவனுக்குக் கொடுக்க வேண்டியதில் மிச்சம் ஒரே ஒரு வாக்கியம். அதைக் கொடுத்தால் மறுநாள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது. ஆகையால் அது நிலுவையில் நிற்கிறது.