சான் ஃபேபியானில் அடுப்பு எரிகிறது

— குடு அந்தத் தீப்பெட்டியை, ஒனோஃப்ரே. பிடுங்க வைக்காதே.

— நான் பத்த வெச்சுத் தரேன்கிறேன். நீ பாட்டுக்கு உருளைக்கிழங்கை நறுக்கு, நெஸ்டோரா. யார் பத்த வெச்சா என்ன, குழம்பு குழம்புதான்.

— நீ பத்த வெச்சா அது உன் அடுப்பு, கிழவா. நான் அதுல விருந்தாளி. இந்த வீட்டுல நான் இருக்கணும்னா நான்தான் பத்த வைக்கணும்.

— உன் கை நடுங்குது ராசாத்தி.

— குளிருது. வெளிய முழங்கால் வரைக்கும் பனி. கரண்டு கம்பி இன்னும் மலையேறலை. ஜன்னல்ல கண்ணாடிக்குப் பதிலா பிளாஸ்டிக் ஷீட்டு. நடுங்காம என்ன பண்ணும்?

— குளிர் நடுக்கம் எது, பயத்துல வர நடுக்கம் எதுன்னு எனக்குத் தெரியாதா? என்னத்தச் சொல்ல. ஊர் எரிஞ்ச நாள்லேர்ந்து ஆல்புகெர்க்கியில உன் தங்கச்சி மக பிளாட்ல கரண்டு அடுப்புதானே. அவ புள்ளைக்குப் பொறந்த நாள்னு கேக்குல மெழுகுவத்தி ஏத்துனாங்க. எழுந்து போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டே.

— அதைச் சொல்லிக் காட்டாதே. காட்டுத்தீ மலையிலேர்ந்து இறங்கி வந்தப்ப நீ டவுன்ல இருந்தே. நான் இந்த வாசல்ல நின்னேன். கோழிக் கொட்டாய் எரிஞ்சப்ப கேட்ட சத்தம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

— அதனாலதான் சொல்றேன். ஒரு ராத்திரி இங்க தங்கிப் பாக்கலாம், உன்னால முடியலேன்னா நாளைக்கு அந்த ஹோட்டல்காரனுக்கு நிலத்தை வித்துக் கையெழுத்துப் போட்டுடலாம்னுதானே பேச்சு. ஊர் மொத்தமும் குடுத்தாத்தான் வாங்குவேங்கிறான். கூட்டத்துல விக்கலாம்னு எல்லாரும் கையைத் தூக்கியாச்சு. தூக்காதவங்க நாம ரெண்டு பேருதான். எரிஞ்சது போக நின்ன செவுத்து மேல ஒரு கூரையைப் போட்டுட்டேன், என் மனசு ஆறிப்போச்சு. நீ முடியாதுன்னா கோவிச்சுக்க மாட்டேன்.

— பேசாம தள்ளி நில்லு. வெளிச்சத்தை மறைக்கிறே.

— தள்ளிட்டேன்.

— அணைஞ்சு போச்சு.

— கதவுக்கடியில காத்து வருது.

— காத்து இல்ல. நானே ஊதிட்டேன். இன்னொரு குச்சி எடுக்கிறேன். என் கையைப் பிடிக்காதே.

— பிடிக்கலை.

— சுள்ளிக்கு அடியில காகிதம் வெச்சியா?

— வெச்சேன்.

— பிடிச்சிருச்சு. ஒனோஃப்ரே, பிடிச்சிருச்சு பாரு.

— பாக்குறேன். அழறியே நெஸ்டோரா.

— ஆமா, அழறேன். அதுக்கென்ன? மரம் மாதிரி நிக்காம அந்தச் சட்டியை எடு. முதல்ல பன்னிக்கறி கொழுப்புல நல்லா செவக்கணும், அப்புறம் வெங்காயம், பூண்டு. இது என்ன விறகு, இப்படி மணக்குது?

— மேட்டுல கருகி நின்ன நம்ம பைன் மரந்தான். மேல இருந்த கரியைச் செதுக்கினா உள்ள வைரமா இருக்கு.

— அன்னைக்குத் தானா எரிஞ்சுது. இன்னைக்கு நான் சொன்னபடி எரியட்டும். சுட்ட பெரிய பச்சை மிளகாயைத் தோல் உரிச்சியா?

— உரிச்சேன். பத்து விரலும் எரியுது.

— அந்தக் கையோட கண்ணைத் தொட்டுடாதே. மிளகாயைப் போட்டாச்சு, கிழங்கைப் போட்டாச்சு, தண்ணியும் ஊத்தியாச்சு. கொதி வந்ததும் மூடி வெச்சுட்டு ரொட்டியைச் சுட்டுடறேன்.

— கிழங்கும் வெந்தாச்சு, ரொட்டியும் ஆச்சு. ம், மணக்குது. செத்தவனும் எழுந்து வந்துடுவான்.

— யாரோ கதவைத் தட்டுறாங்க.

— இந்த ஊர்ல தட்டுறதுக்கு யார் இருக்கா? கரடியா இருக்கும்.

— தட்டலை, இடிக்கிறாங்க. போய்த் திற.

— ஒனோஃப்ரே, தங்கச்சி, வெளிய வாங்க. சீக்கிரம் வாங்க, கூரை எரியுது.

— ஃபிடென்சியோவா? எந்தக் கூரை எரியுது?

— உங்க கூரைதான். கீழ பாலத்துலேர்ந்து பாத்தேன், வீட்டு மேல புகை.

— அடுப்புய்யா அது. இவ குழம்பு வெச்சிருக்கா.

— குழம்பா?

— பச்சை மிளகாய்க் குழம்பு அண்ணே. அந்த மண்வெட்டியை வெளிய சாத்திட்டு உள்ள வாங்க, குளிர் வருது. இந்தாங்க, இந்த நாற்காலியில உட்காருங்க.

— சாமி சத்தியமா, எனக்கு நெஞ்சே நின்னு போச்சு தங்கச்சி.

— இவனுக்கு எதுக்கு நாற்காலி? கூட்டத்துல எழுந்து நின்னு, 'சான் ஃபேபியான் செத்துப் போச்சு, பொணத்தைக் கட்டிக்கிட்டு அழாதீங்க'ன்னு சொன்னவன்தானே. முப்பது வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவன் வாயில வர வார்த்தையா? செத்த ஊர்ல இந்த இருட்டுல உனக்கு என்ன வேலை மாப்ள?

— மாட்டைத் தேடி வந்தேன்.

— உனக்கு ஏது மாடு? தீக்கு அப்புறம் எல்லாத்தையும் வித்துட்டியே.

— உண்மையைச் சொல்லுங்கண்ணே. இவரு கத்த மாட்டாரு.

— தினம் சாயங்காலம் வரேன் தங்கச்சி. பாலத்துல வண்டியை நிறுத்திட்டு மேல பாத்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். மாவு வாங்கப் போறேன்னு வீட்டுக்காரி க்ரூசித்தாகிட்ட பொய் சொல்லிட்டு வரதுனால, அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு போகும்போது ஒரு பை வாங்கிட்டுப் போவேன். வீட்டுல கட்டிலுக்கு அடியில எல்லாம் மாவு.

— என்னத்தச் சொல்ல. உட்காரு, உட்காரு. நெஸ்டோரா, இவனுக்கு ஒரு கிண்ணம் ஊத்து. கறித்துண்டு பாத்துப் போடு.

— இந்தாங்கண்ணே, ரொட்டியை முக்கித் தின்னுங்க. எப்படி இருக்கு?

— காரம் உச்சந்தலைக்கு ஏறுது.

— நல்லா இருக்கான்னு கேட்டேன்.

— பேசாம திங்க விடு தங்கச்சி. டவுன் வீட்டுல நாள் பூரா ஹீட்டர் ஓடுது. சாமி சத்தியமா, என் உடம்பு இப்பத்தான் சூடாகுது.

— அது என்ன வெளிச்சம், ஜன்னல் ஷீட்டுல?

— வண்டி லைட்டு. ஒன்னு இல்ல, வரிசையா மேல ஏறி வருது.

— ஐயோ.

— என்ன மாப்ள ஐயோ?

— பாலத்துக்கிட்டதான் சிக்னல் கிடைக்கும். மேல ஓடி வரதுக்கு முன்னால நம்ம ஊர் எலீசியோவுக்குப் போன் பண்ணி, ஒனோஃப்ரே வீடு எரியுதுன்னு கத்திட்டேன். அவன் எல்லாருக்கும் சொல்லிட்டான் போல.

— எல்லாருக்கும்னா?

— கையைத் தூக்கினவங்க எல்லாருக்கும்.

— வித்துத் தொலைச்சுடலாம்னு சொன்ன ஊருக்கு, இந்தப் பனியில, இருட்டுல வராங்களா?

— நான் போய் வெறும் அடுப்புப் புகைதான், திரும்பிப் போங்கன்னு சொல்லிட்டு வரேன். கிண்ணத்தை எடுத்துடாதே தங்கச்சி.

— போயிட்டான். சட்டியில எவ்வளவு இருக்கு?

— இருக்கு, நம்ம ரெண்டு பேருக்கு. கிழவா, நான் ஒரு குச்சி கிழிச்சதுக்கு ஊரே ஓடி வந்திருக்கு. வெட்கமா இருக்கு எனக்கு.

— எனக்கு இல்ல. சரி, சொல்லு. நாளைக்குக் கையெழுத்து?

— அந்தப் பெரிய கட்டையை எடுத்து உள்ள வை. இது இனிமே அணையக் கூடாது.

— நல்லா யோசிச்சியா? அவங்க எல்லாம் இப்ப வந்த வழியே போயிடுவாங்க. இந்த மலையில நாம ரெண்டு பேருதான்.

— ரெண்டு பேருன்னா ரெண்டு பேருதான். இன்னைக்கு என்னால முடிஞ்சுது. நாளைக்கும் முடியும். கட்டையை வை.

— வெச்சுட்டேன், வெச்சுட்டேன்.

— கதவைத் திற, அண்ணன் வராரு. என்னண்ணே, போயிட்டாங்களா எல்லாரும்? நல்லாத் திட்டியிருப்பாங்களே.

— சொன்னேன் தங்கச்சி. ஒன்னும் எரியலை, நெஸ்டோரா குழம்பு வெக்கிறா, திரும்பிப் போங்கன்னு தெளிவாத்தான் சொன்னேன். ஒருத்தரும் வண்டியில ஏறலை. தீயை அணைக்கக் கொண்டு வந்த மண்வெட்டியை எடுத்துக்கிட்டு, அவங்கவங்க வீட்டு வாசல் இருந்த இடத்தைத் தேடிப் போய்ப் பனியைத் தள்ளிக்கிட்டு இருக்காங்க.