வாசலை அடைத்த எஞ்சின்

கத்தாதீங்கண்ணே, எஞ்சின் வாசல்ல சிக்கி நாம ரெண்டு பேரும் படகுக்குள்ள மாட்டிக்கிட்டோம், கிரேன்காரர் ஜாக்கி எடுக்கப் போயிட்டாரு. அவர் நடைய பாத்தீங்கல்ல, கடன் வாங்கின செருப்பு தேயுமேன்னு நடக்கறவரு. வர நேரமாகும். உக்காருங்க. அங்க வேணாம், எண்ணெய். இந்தப் பக்கம்.

முன்னாடி இருக்கற ஜன்னலா? அதுல நான் போவேன். நீங்க மூச்ச இழுத்துப் புடிச்சாலும் வயிறு இங்கயே தங்கிடும். கோவிச்சுக்காதீங்க, நானும் போகல பாருங்க.

இதுக்கு முன்னாடி எந்த எஞ்சினும் இப்படி வாசல்ல சிக்கினதில்ல. வந்தாத்தானே சிக்கும். பழைய எஞ்சின் செத்ததுலேர்ந்து பட்டறையில முட்டு குடுத்து நிக்குது படகு. அடியில தண்ணிக்குப் பதிலா ஜல்லி. எங்க வீடே இந்தப் படகுதான், அம்மா, அப்பா, நான், மூணு பேரும் ஏணி ஏறித்தான் வர்றோம். ராத்திரி அவசரம்னாலும் ஏணி.

எங்கம்மா மாதிரி பேசிக் காட்டறேன் கேளுங்க, மூக்கால வரும். ஏங்க, இது பாய்மரப் படகு. உள்ள நுழைய, வெளிய வர, காத்து விழுந்தா நகர, அதுக்கு ஒரு சின்ன எஞ்சின் போதாதா? இப்ப அப்பா, தொண்டைய செருமிக்கிட்டு. எதிர்க்காத்துல சின்னது திணறும்மா. சரி, பெருசா வாங்குங்க. பெருசு கனம், பின்பக்கம் அமுங்கிடும். அப்ப பழசையே பிரிச்சுப் பூட்டுங்க. உப்பு அரிச்சது, எத்தன நாள் தாங்கும்? செகண்ட் ஹேண்ட் பாருங்களேன். அடுத்தவன் எதுக்கு விக்கறான், அத யோசிச்சியா?

பட்டறை மெக்கானிக் வாயில ஸ்க்ரூவ கடிச்சுக்கிட்டே சொன்னாரு. சார், எழ்த்த கழையில ஒழுங்கினாலும் பில்டழ் கிழைக்கழதா வாங்குங்க. எந்தக் கரையில ஒதுங்கினாலும் பில்டர் கிடைக்கற எஞ்சினாம். அதுக்கும் அப்பா, சத்தம் ஜாஸ்தின்னாரு. சத்தமில்லாத ஒண்ணு வந்துச்சு. புரொப்பல்லர் எதிர்ப்பக்கம் சுத்துதாம். பொண்ணு பாக்கப் போய் பஜ்ஜி மட்டும் தின்னுட்டு வர்ற மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு கடையா போயிட்டு வந்தாரு.

சிரிக்கறீங்க. அம்மாவுக்கு சிரிப்பு வர்றதில்ல. ஊர் சுத்தக் கிளம்பறோம்னு வேலைய விட்டா. ஆபீஸ்ல வழியனுப்பு விழா வச்சு கடிகாரம் குடுத்தாங்க. இப்ப கடைத்தெருவுல அந்த ஆபீஸ்காரங்க வந்தா தக்காளிக் கூடைக்குப் பின்னாடி குனிஞ்சுக்கறா. இன்னும் கிளம்பலையான்னு கேப்பாங்கல்ல. இன்னிக்குக் காலைல உங்க லாரிய பாத்ததும் தலை சீவி நல்ல சேலை கட்டினா. எஞ்சின் எறக்கறதுக்கு.

என்னது? அளவெல்லாம் தெளிவா சொல்லித்தான் குடுத்தீங்களா? தெரியும்ணே. வாசல் அளவு சரியா இருக்கான்னு கேட்டீங்க, இருக்குன்னு அப்பா சொன்னாரு. அதுவும் தெரியும். ஆனா மேல போய் அம்மாகிட்ட அத சொல்லிடாதீங்க. அதுக்குத்தான் நான் ஜன்னல் வழியா போகாம உங்க எதிர்ல உக்காந்து வாய் வலிக்கப் பேசிக்கிட்டிருக்கேன்.

அப்பா எந்த எஞ்சினையும் மொதல்ல அட்டையில செஞ்சு பாப்பாரு. பழைய பெட்டிய வெட்டி, டேப் ஒட்டி, அச்சு அசலா. கயித்துல கட்டி இந்த வாசல் வழியா எறக்குவாரு. எல்லாம் வழுக்கிட்டு எறங்கும். அதுக்கெல்லாம் ஒரு குறை சொல்லித் தள்ளிடுவாரு. உங்க எஞ்சினோட அட்டைதான் சிக்குச்சு. இதே எடத்துல, இதே கோணத்துல. நான் முன் ரூம்ல படுத்திருந்தேன், தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டாரு. திருப்பிப் பாத்தாரு, சாய்ச்சுப் பாத்தாரு. அப்புறம் அட்டைய நாலா மடிச்சுக் கீழ எறிஞ்சுட்டு உங்களுக்குப் போன் போட்டாரு. இதையே குடுத்துடுங்கன்னு சொன்னாருல்ல, அந்தக் குரல் மட்டும் எனக்கு எடுக்க வர மாட்டேங்குது. எத்தனையோ தடவ முயற்சி பண்ணிட்டேன். அப்படி ஒரு நிம்மதி அதுல.

பழைய எஞ்சின் நின்னுபோனது கடல்ல ஒரு பாறைக்குப் பக்கத்துலண்ணே. அலை எங்கள அது மேல தள்ளுது. பாய மட்டும் வச்சு அப்பா படக துறைமுகத்துக்குள்ள கொண்டு வந்தாரு. கரையில எல்லாரும் கை தட்டினாங்க, கேப்டன் கேப்டன்னு. அம்மாதான் ரொம்ப நேரம் தட்டினா. அன்னிலேர்ந்து ஏணி கொஞ்சம் ஆடினாக்கூட ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சுக்கறாரு. அவ்வளவு தட்டினவகிட்ட போய், எனக்கு தண்ணின்னா பயமா இருக்குன்னு எப்படிண்ணே சொல்வாரு.

தப்ப நீங்க ஏத்துக்கிட்டா உங்க கடைக்குக் கெட்ட பேரா? எங்க ஏணிக்குக் கீழ நிக்கற நாலு பேர்கிட்டதானே.

இருங்க, அம்மா மேலேர்ந்து கேக்கறா. யார் அளவு தப்புன்னு கேக்கறா. சொல்லுங்கண்ணே.

சொல்ல மாட்டீங்களா. சரி, நகருங்க. எஞ்சின் ஓரத்து இரும்புச் சந்துல வாய வச்சா எந்தக் குரலும் டப்பாக்குள்ள பேசற மாதிரிதான் கேக்கும்.

எங்க தப்புதாம்மா. சார் சரியாத்தான் சொன்னாரு, கடையில மாத்தி ஏத்தி விட்டுட்டாங்க. மன்னிச்சுக்குங்க.

முறைக்காதீங்க. உங்க இழுப்பு, உங்க கரகரப்பு, உங்க சம்சாரமே நம்பிடும். கேட்டீங்களா அம்மா சொல்றத? பரவால்ல தம்பி, சின்னதா பாத்து மாத்திக் குடுங்கங்கறா. அழுகைய முழுங்கிக்கிட்டு சொல்றா. நாளைக்கு மறுபடியும் கூடைக்குப் பின்னாடி குனிவா. நான்தான் குனிய வச்சேன்.

அப்பாவா? அம்மா பக்கத்துலதான் நிக்கறாரு. அவருக்குத் தெரியும் அது உங்க குரல் இல்லன்னு. சின்னதுன்னா உடனே செருமிக்கிட்டு மறுப்பாரே, இப்ப செருமக்கூட இல்ல.